மலையும் மடையும்: அந்தீஸ் உழவர் சமூகங்களின் நீர்ப்பங்கீடு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. முகவுரை

நீர்ப் பற்றாக்குறை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இயற்கையை ஆராய்வதுடன் அமைந்துவிடுகின்றன. மழை எவ்வளவு பெய்தது, பனி எவ்வளவு உருகியது, ஆவியாகிப் போனது எவ்வளவு என்னும் கணக்குகள் அவற்றிலே முதன்மை பெறுகின்றன. இக்கணக்குகள் இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒரே பள்ளத்தாக்கிலே ஒரே வகையான ஓடைகளை நம்பி வாழும் இரு ஊர்களுள் ஒன்று வரட்சியைத் தாங்கி நிற்க, மற்றையது சண்டையும் திருட்டும் மலிந்து சீர்குலைவது ஏன் என்னும் வினாவிற்கு மழைமானி விடை தருவதில்லை. நீரைக் கொணர்ந்தோர், பகிர்ந்தோர், தடுத்தோர் ஆகியோருக்கிடையே நிலவிய உறவுகளை வரலாற்று அடிப்படையில் நோக்கும்போதே அவ்வினா தெளிவுபெறுகின்றது.

தென்னமெரிக்காவிலுள்ள பேரு நாட்டின் உயர்மலைப் பகுதிகளை இக்கட்டுரைக்குரிய களமாகக் கொள்கின்றோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீற்றருக்கு மேலே, மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வாழும் கெச்சுவா மொழி பேசும் உழவர்களும் அவர்தம் அண்டைச் சமூகங்களும் நீர்ப் பற்றாக்குறையை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே எமது ஆய்வுப் பொருள். களஆய்வாளர் திரட்டிய செய்திகளோடு, அம்மக்களின் புராணக் கதை, ஊர் விதிநூல், நவீன சிறுகதை ஆகியனவும் இங்கு சான்றாதாரங்களாக அமைகின்றன. இலக்கியத்தைச் சமூக வரலாற்றின் ஆவணமாகக் கொள்ளும் நோக்குடையோர்க்கு இது புதியதோர் அணுகுமுறையன்று.

2. நிலமும் நீரும், ஒரு கோட்பாட்டு விவாதமும்

அந்தீஸ் மலைநாட்டிலே மழை ஒக்டோபர் அல்லது நவம்பரிற் தொடங்கி ஏப்பிரலில் ஓய்கின்றது. மே முதற் செப்ரெம்பர் வரை வானம் வரண்டிருக்கும். மக்காச்சோளம் முதிர நீண்ட காலம் வேண்டும். பிந்தி விதைத்தால் கதிர் முற்றுமுன் உறைபனி வந்துவிடும். எனவே மழை வருமுன்னரே நிலத்தை நனைத்து விதைக்க வேண்டியுள்ளது. உறைபனிக்கும் மழைக்கும் இடையே அகப்பட்ட இந்தச் சில வாரங்களிலேயே பனிமலைகளிலிருந்தும் ஊற்றுக்களிலிருந்தும் கசிந்துவரும் நீரின் பெறுமதி உச்சமடைகின்றது. ஆண்டு முழுவதுக்குமான நீர் மொத்தத்திற் போதுமானதாயினும், விதைப்புக் காலத்து முதல் நீர் எவருக்கும் போதுவதில்லை. பூசலும் ஒழுங்கும் ஒருங்கே பிறக்கும் இடம் இதுவேயாகும்.

இத்தேவைக்கு ஏற்பவே மலைச்சரிவுகளிற் கற்சுவர் எழுப்பிப் படிவயல்கள் அமைக்கப்பட்டன. படிவயல் மண்ணரிப்பைத் தடுக்கின்றது. பாயும் நீரை நிறுத்தி ஊறச்செய்கின்றது. உறைபனியின் தாக்கத்தையும் ஓரளவு தணிக்கின்றது. வெவ்வேறு உயரங்களில் உள்ள புன்னிலம், கிழங்கு நிலம், சோள நிலம் ஆகியவற்றை ஒரே குலத்தவர் ஒருங்கே கையாண்டமையை ஜோன் மர்ரா 1972இல் செங்குத்துத் தீவுக்கூட்டம் என்னும் உருவகத்தால் விளக்கினார். இவ்வேற்பாட்டின் அடிப்படை அலகாக அமைந்தது நிலத்தையும் நீரையும் உழைப்புக் கடமையையும் பொதுவிற் கொண்டிருந்த அய்லு என்னும் குலச் சமூகமாகும்.

பெருநீர்ப்பாசனம் மத்திய அதிகாரத்தை வேண்டும், அது கொடுங்கோன்மைக்கு இட்டுச்செல்லும் என்று கார்ல் விற்போகல் 1957இல் வாதிட்டபோது இன்கா அரசையும் அவ்வகையுட் சேர்த்தார். மார்க்சின் ஆசியச் சமூகம் பற்றிய கருத்துக்களை ஒருதலைப்பட்சமாக விரித்ததன் விளைவே இது. 1853இல் இந்தியாவைப் பற்றி எழுதிய மார்க்ஸ், பிளாண்டர்ஸ், இத்தாலி ஆகிய இடங்களிலே தனியார் தாமாகவே கூடி நீர்ப்பாசனத்தை நடத்தியமையையும் உடன் சுட்டியிருந்தார் என்பது மறக்கப்பட்டுவிட்டது. இவ்விவாதம் எமது நாட்டுக்கும் அந்நியமானதன்று. இலங்கையின் வரண்ட வலயக் குளங்களைச் சான்றாகக் கொண்டு எட்மண்ட் லீச் 1959இலும், ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1971இலும் விற்போகலின் எடுகோளை வன்மையாகக் கேள்விக்குள்ளாக்கினர். ஊர்க் குளத்தைக் காக்க ஊரவர் போதும் என்று லீச் காட்டியது அந்தீஸ் மலைநாட்டுக்கும் பெரிதும் பொருந்துவதாகும். இன்கா அரசு எழுவதற்கு முன்னரும் அங்கு கால்வாய்கள் ஓடின. அது வீழ்ந்த பின்னரும் ஓடின.

எனினும், அரசின்றியே நீர் பங்கிடப்பட்டது என்று கூறுவதோடு அமைந்துவிட முடியாது. ஊரவர் என்போர் யாவர், அவர்க்குள்ளே மடையைத் திறப்பவர் யாவர் என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன.

3. ஒரு புராணக் கதையின் சமூக உள்ளடக்கம்

ஏறத்தாழ 1608ஆம் ஆண்டளவிற் கெச்சுவா மொழியில் எழுதப்பட்ட உவாரோசிரிக் கையெழுத்துப்படி, லீமா நகருக்குக் கிழக்கேயுள்ள மலைமக்களின் தொன்மங்களைத் தொகுத்துரைக்கின்றது. பிரான்சிஸ்கோ தே அவிலா என்னும் பாதிரியார் அவ்வழிபாடுகளை அழிக்கும் நோக்குடன் நடத்திய முயற்சிகளோடு தொடர்புடையது இந்நூல். அழிப்பதற்கெனத் திரட்டப்பட்டதே அழியாமற் காத்த ஆவணமாயிற்று என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

அதிலே சுக்கி சூசோ என்னும் பெண்ணின் கதை எமது பொருளோடு நேரடித் தொடர்புடையது. அவள் தன் சோளப் பயிர் வாடுவதைக் கண்டு அழுதுகொண்டே, சொட்டுச்சொட்டாக வரும் நீரைப் பாய்ச்சுகின்றாள். அவளை விரும்பிய மலைத் தெய்வமாகிய பரியா காக்கா, முதலிற் செய்யும் காரியம் தன் மேலாடையால் அச்சிறு குளத்தின் வாயை அடைத்துவிடுவது. நீர் மேலும் குறைய, அவள் மேலும் அழுகின்றாள். அதன் பின்னரே அவன் அவள்முன் தோன்றி, தன் இச்சைக்கு இணங்கினால் நீர் தருவதாகக் கூறுகின்றான். அவளோ முதலில் நீர் வரட்டும் என்கின்றாள். கால்வாய் அகலமாக்கப்படுகின்றது. பூமாவும் நரியும் பாம்பும் பறவைகளும் அவ்வேலையைச் செய்கின்றன. வழிகாட்டிச் சென்ற நரி, திடீரெனப் பறந்தெழுந்த ஒரு பறவையால் திடுக்கிட்டுச் சரிவிலே விழுந்துவிட, பாம்பு தலைமை ஏற்கின்றது. நரி விழாதிருந்தால் கால்வாய் இன்னும் உயரத்தில் ஓடியிருக்கும் என்று கதை கூறுகின்றது. ஈற்றிற் சுக்கி சூசோ கால்வாயின் தலைமடையிற் கல்லாக நிலைத்துவிடுகின்றாள்.

இக்கதையிலே மூன்று அம்சங்கள் கவனத்திற்குரியன. முதலாவது, பற்றாக்குறையின் ஒரு பகுதி வலியவனின் கையாற் செய்யப்படுவது. குளத்தின் வாயை அடைத்தவனே பின்னர் கொடையாளியாகத் தோன்றுகின்றான். ஆதிக்கம் தன்னைக் கொடையாக உருமாற்றிக் காட்டும் கருத்துநிலைச் செயற்பாட்டை இதனினும் தெளிவாக உணர்த்துதல் அரிது. இரண்டாவது, கூட்டுழைப்பு. கால்வாயின் மட்டம் ஏன் தாழ்ந்தது என்பதற்குக் கதை தரும் விளக்கம் விளையாட்டாகத் தோன்றினும், அதற்குள்ளே நீர்மட்டம் பார்த்து மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டிய தலைமுறைகளின் தொழில் அனுபவம் பொதிந்துள்ளது. ஒருமுறை மட்டம் தவறினால் மேலேயுள்ள நிலம் நிரந்தரமாகப் புன்செய்யாகிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மூன்றாவது, கதையும் வேலையும் இணைந்தமை. மே மாதத்திற் கால்வாய் துப்புரவு செய்யும் காலத்தில் மக்கள் சோள மதுவும் உணவும் கொண்டு சுக்கி சூசோவிடம் சென்றனர் என அக்கையெழுத்துப்படியே பதிவு செய்கின்றது. எனவே தொன்மம் இங்கு உழைப்பை ஒழுங்குபடுத்தும் சாதனமாகவும் தொழிற்பட்டது.

4. குடியேற்றவாதமும் நிலவுடைமையும்

ஸ்பானியர் வருகையின் பின்னர் நீர் ஒழுங்கின் அடித்தளம் ஆட்டங்கண்டது. கொள்ளைநோய்கள் மக்கட்டொகையைக் குறைத்தன. 1570களில் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தே தொலேதோ, சிதறி வாழ்ந்த மக்களைப் புதிய ஊர்களில் வலிந்து குடியேற்றினார். பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு முறைவைத்து ஆள் அனுப்பும் கட்டாய ஊழியமும் விதிக்கப்பட்டது. படிவயலும் கால்வாயும் ஆண்டுதோறும் கைபட வேண்டியவை. கைகள் சுரங்கத்துக்குப் போனபோது சுவர்கள் சரிந்தன. கொல்கா பள்ளத்தாக்கிலே பாதிக்கும் மேற்பட்ட படிவயல்கள் கைவிடப்பட்டுக் கிடப்பதைப் புவியியலாளர் பதிவு செய்துள்ளனர். இதற்குத் தட்பவெப்ப மாற்றம் எவ்வளவு காரணம், மக்கட்டொகைச் சரிவு எவ்வளவு காரணம் என்பதில் அறிஞர்கள் வேறுபடுவர். ஆயினும், நீர் இருந்தும் அதனைக் கொணரும் உழைப்பு இல்லாதுபோனமை முக்கியமான காரணிகளுள் ஒன்று என்பது மறுக்கற்பாலதன்று.

குடியரசுக் காலத்தில் நிலைமை வேறொரு திசையிற் கடுமையாகியது. பொலிவாரின் 1824ஆம் ஆண்டு ஆணை, தாராண்மைவாதத்தின் பெயரால் பொதுநிலத்தைத் தனியுடைமையாக்க வழிவகுத்தது. 1902ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், ஸ்பானியாவின் 1879ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி, நிலவுடைமையாளரின் பிடியை வலுப்படுத்தியது. பெருநிலக்கிழார் நிலத்தை விழுங்கிய கதை பரவலாக அறியப்பட்டது. அதனோடு உடனிகழ்ந்த நீர்க் கவர்வு போதிய கவனம் பெறவில்லை. நிலத்தைப் பறிக்கப் பத்திரம் வேண்டும். நீரைப் பறிக்க மடையிலே ஆளை நிறுத்தினாற் போதும்.

அரேகிப்பா மாநிலத்துக் கொத்தவாசிப் பள்ளத்தாக்கில் போல் ட்ராவிக் என்னும் மானிடவியலாளர் செய்த ஒப்பாய்வு இவ்விடத்து மிகவும் பயனுடையது. நிலக்கிழார்கள் ஊன்றிக்கொள்ளாத உவைனகோத்தாஸ் என்னும் ஊரிலே நீர், வாய்க்கால் ஒழுங்கில், ஒரு வயலின் பின் அடுத்த வயல் என்றவாறு வரிசையாகப் பாய்ச்சப்பட்டது. சுற்று முழுமையடையும்வரை எவரும் இரண்டாம் முறை பெறுவதில்லை. அனைவரும் ஒரே வகையாகவே வயலை நனைத்தனர். நிலத்தின் அளவுக்கு ஏற்பவே கால்வாய் வேலைக்கும் பங்களித்தனர். பொறுப்பாளர் ஊரவராலேயே ஆண்டுதோறும் நியமிக்கப்படுபவர். கிழக்கிலங்கை வயல்வெளிகளில் வட்டை விதானையார் ஆற்றிய பணியை ஒத்தது அவரது பணி. வரட்சி வந்தபோது பங்கின் விகிதம் மாறவில்லை. சுற்று வருவதற்கான நாட்கள் எல்லோருக்கும் ஒருசேர நீண்டன. இவ்வரிசைமுறையின் சிறப்பு, அது எல்லோர் கண்ணுக்கும் தெரிவதாயிருந்தமையாகும். அடுத்த வயற்காரன் தன் முறைக்காகக் காத்து நிற்பதால் அவனே காவலாளியுமானான்.

அதே பள்ளத்தாக்கில், நிலக்கிழார் ஆதிக்கம் செலுத்திய கொத்தவாசி நகரப் பகுதியில் நீர் மனிதரின் தகுதிநிலையைப் பின்பற்றி ஓடியது. பெரியவர்கள் முதலிற் பெற்றனர். சிற்றுழவர் எஞ்சியதைப் பெற்றனர். எப்போது முறை வரும் என்று அறியாதோர் வந்தபோது தேவைக்கு மிஞ்சிப் பாய்ச்சினர். வாராதபோது இரவிலே திருடினர். வீண்செலவும் திருட்டும் உழவரின் அறியாமையால் விளைந்தன என்று அதிகாரிகள் கூறிவந்தனர். சமனின்மையே அவற்றின் ஊற்றுக்கண் என்பதை இவ்வொப்பீடு தெளிவாக்குகின்றது.

ஊர்கள் இவ்வாதிக்கத்தின்முன் வாளாவிருக்கவில்லை. 1920ஆம் ஆண்டு அரசியலமைப்பு சுதேச சமூகங்களுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கியது. 1921இல் லீமா மலைநாட்டுச் சான் பெத்ரோ தே காஸ்தா என்னும் ஊரார், ஒக்டோபரில் நிகழும் கால்வாய்த் துப்புரவுச் சடங்கின் ஒழுங்குகளையும் பொறுப்பாளர் கடமைகளையும் தண்டங்களையும் ஸ்பானிய மொழியில் எழுதிவைத்தனர். என்தப்லோ என வழங்கும் இந்நூல் இலக்கிய வரலாறுகளில் இடம்பெறாதது. ஆயினும் வாய்மொழி வழக்கை எழுத்தாக்கித் தம் உரிமைக்கு அரணாக நிறுத்திய உழவரின் பிரக்ஞை அதிலே வெளிப்படுகின்றது.

5. அர்கெதாஸின் 'தண்ணீர்'

1928இல் வெளிவந்த தமது பேரு நாட்டு யதார்த்தம் பற்றிய ஏழு கட்டுரைகளிலே ஹோசே கார்லோஸ் மரியாத்தெகி, சுதேச மக்களின் பிரச்சினை அடிப்படையில் நிலப்பிரச்சினையே என்று நிறுவினார். கல்வியும் அறவுரையும் தீர்வாகா என்ற அவரது வாதம் இலத்தீன் அமெரிக்க மார்க்சியத்தின் முதிர்ச்சியைக் காட்டுவது. ஏழு ஆண்டுகளின் பின் வெளிவந்த ஹோசே மரியா அர்கெதாஸின் முதற் சிறுகதைத் தொகுதி (1935) அப்பிரச்சினையின் நீர்முகத்தைக் காட்டியது. அதன் தலைப்புக் கதையின் பெயரே 'தண்ணீர்'.

சான் ஹுவான் என்னும் வரண்ட ஊரிலே ஞாயிறுதோறும் நீர் பங்கிடப்படுகின்றது. பங்கிடும் அதிகாரம் தொன் பிரவுலியோ என்னும் நிலக்கிழாரின் கையில். கரையோரப் பகுதிக்குச் சென்று திரும்பிய கொம்பு வாத்தியக்காரன் பந்தலியோன், உழவரை எதிர்த்து நிற்கும்படி தூண்டுகின்றான். நிலக்கிழாரின் துப்பாக்கி அவனைச் சாய்க்கின்றது, கூட்டம் கலைகின்றது. கதைசொல்லியாகிய சிறுவன் எர்னெஸ்தோ அக்கொம்பையே எடுத்து நிலக்கிழாரின் தலைமீது எறிந்துவிட்டு, தலைநிமிர்ந்து வாழும் உழவரையுடைய அயலூர் நோக்கி ஓடுகின்றான்.

எதிர்ப்பின் குரல் வெளியிலிருந்து வந்தவனுடையது. எதிர்ப்பின் வலு கூடிநிற்கும் ஊரினுடையது. இரண்டும் இணையாத இடத்திலே தோல்வி நிகழ்கின்றது. இதனைத் தனிமனித வீரத்தின் அவலமாக மட்டும் வாசிப்போர், சான் ஹுவானுக்கும் அயலூருக்கும் இடையே ஆசிரியர் காட்டும் வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர். சமூக அமைப்பு சிதையாத ஊரில் உழவன் நிமிர்ந்து நிற்கின்றான். சிதைந்த ஊரில் அஞ்சுகின்றான். ட்ராவிக் பின்னாளிற் களஆய்விற் கண்ட வேறுபாட்டை அர்கெதாஸ் கலையாக்கிவிட்டார். உவாரோசிரிக் கையெழுத்துப்படியை 1966இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்டவரும் அவரே. எமது வாசகர்க்கு இவ்விடத்திற் கே. டானியலின் 'தண்ணீர்' நாவல் நினைவுக்கு வருதல் இயல்பு. யாழ்ப்பாணத்துக் கிணற்றடியும் அந்தீஸ் மடையடியும் வெவ்வேறு சமூக உருவாக்கங்களைச் சார்ந்தவை. ஆயினும் நீரைத் தொடும் உரிமை யாருக்கு என்பதே இரு ஆசிரியரையும் எழுதத் தூண்டிய வினாவாகும்.

6. நிலக்கிழாரிலிருந்து அரசுக்கு

1968இல் ஆட்சியைக் கைப்பற்றிய வெலாஸ்கோவின் இராணுவ அரசு, 1969 ஜூனில் நிலச்சீர்திருத்தச் சட்டத்தையும், ஜூலையில் பொது நீர்ச் சட்டத்தையும் பிரகடனம் செய்தது. நீர் யாவும் அரசின் உடைமை என்றாயிற்று. நிலக்கிழாரின் நீர்ச் சலுகைகள் சட்டரீதியாக ஒழிக்கப்பட்டமை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முற்போக்கான மாற்றம். ஆயின் அதிகாரம் ஊருக்குத் திரும்பவில்லை; அலுவலகத்துக்குச் சென்றது. கரையோரப் பெரும்பண்ணைகளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட விதிகள் மலைநாட்டு மடைகள்மீது ஏற்றப்பட்டன. உவைனகோத்தாஸ் போன்ற ஊர்களின் வரிசைமுறையிலிருந்து கற்க வேண்டிய அரசு, அவற்றுக்குக் கற்பிக்க முற்பட்டது.

இம்முரண்பாடு கபனகோந்தே என்னும் ஊரிலே வெடித்தது. ஏறத்தாழ 3,300 மீற்றர் உயரத்தில், கொல்கா பள்ளத்தாக்கின் விளிம்பில் அமைந்த அவ்வூர், 6,000 மீற்றருக்கும் உயர்ந்த உவால்கா உவால்கா பனிமலையின் நீரை நம்பியது. யாக்கு அல்கால்தே எனப்படும் நீர்ப் பொறுப்பாளர், பாம்புருக் கொண்ட கோல் தாங்கி, மலைக்குப் படையலிட்டு, மேற்பாதி, கீழ்ப்பாதி என்ற பழைய பிரிவின்படி நீரைப் பகிர்ந்தனர். 1970களில் அரசு தொடங்கிய மாகெஸ் திட்டம், கொல்கா ஆற்றின் நீரைச் சுரங்கவழியாகவும் கால்வாயாகவும் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரம் கொண்டுசென்று, கீழேயுள்ள பாலைவெளியைப் பயிர்நிலமாக்க முனைந்தது. அக்கால்வாய் கபனகோந்தே நிலங்களுக்கு மேலாகச் சென்றது. அதன் நீரில் அவ்வூருக்குப் பங்கில்லை. விண்ணப்பங்கள் பயன் தரவில்லை. 1982-83ஆம் ஆண்டு எல் நீனோ, வட பேருவை வெள்ளத்தில் ஆழ்த்தித் தென்மலைநாட்டை வரட்சியில் வாட்டியது. 1983இல் ஊரவர் பதினொருவர் சென்று கால்வாயை உடைத்து நீரைத் தம் வயல்களுக்குத் திருப்பினர். பதினொரு வீரர் என அவர்கள் அழைக்கப்படலாயினர். பின்னர் அவ்வூருக்கு நீர்ப்பங்கு அதிகாரபூர்வமாக ஒதுக்கப்பட்டது. சான் ஹுவானிற் சிதறிய கூட்டம் கபனகோந்தேயிற் சிதறவில்லை.

இவ்வெற்றியை மிகைப்படுத்துதல் தகாது. போல் கெல்லெஸ் தமது ஆய்விற் காட்டுவதுபோல, புதிய நீரோடு அதனைப் பங்கிடுவது பற்றிய பூசல்களும் ஊருக்குள் வந்தன. அய்லு மரபைப் பூர்விகப் பொதுவுடைமையாகக் காணும் போக்கு மரியாத்தெகியிடமும் ஓரளவு உண்டு. ஆனால் மேற்பாதி, கீழ்ப்பாதி என்ற பிரிவே படிநிலையைச் சுமந்துள்ளது. பல ஊர்களில் நீர்ப் பயனாளர் பதிவேடு ஆணின் பெயரிலேயே உள்ளது. ஆடவர் கூலிக்காகக் கரையோரம் சென்றபின் இரவிலே மடை காத்து நிற்கும் பெண்ணுக்கு ஊர்க்கூட்டத்திற் குரல் குறைவு. சுக்கி சூசோவைத் தலைமடையிற் கல்லாக நிறுத்தி வழிபட்ட மரபு, வாழும் பெண்ணுக்கு மடையுரிமையை இயல்பாக வழங்கிவிடவில்லை.

7. முடிவுரை

இன்று பற்றாக்குறை புதியதொரு கட்டத்தை அடைந்துள்ளது. பேருவின் பனியாறுகள் கடந்த ஆறு தசாப்தங்களில் தம் பரப்பிற் பாதிக்கும் மேற்பட்டதை இழந்துவிட்டன. இதற்குக் காரணமான புகையைக் கக்கியோருள் அந்தீஸ் உழவர் இலர். இந்நிலையிலே அவர்தம் பழைய நுட்பங்கள் திடீர் மதிப்புப் பெற்றுள்ளன. லீமாவுக்கு மேலேயுள்ள உவாமந்தங்காவில், மழைக்கால ஓடைநீரைச் சரிவுகளுக்குத் திருப்பி நிலத்துள் ஊறவிட்டு, கோடையில் ஊற்றாகப் பெறும் பண்டைய கால்வாய்கள் உள்ளன. அந்நீர் சராசரியாக 45 நாட்கள் தாமதித்து வெளிவருகின்றது என 2019இல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. இத்தகைய கால்வாய்களைப் புதுப்பித்தால் தலைநகரின் கோடைத் தாகம் தணியும் என்று அது கணித்தது.

இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் நாம் ஆராய்ந்த வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. உவாமந்தங்காவின் கால்வாய் கல்லும் மண்ணும் மட்டுமன்று. ஆண்டுதோறும் அதனைத் துப்புரவாக்கும் கடமையும், அக்கடமைக்கு ஈடாகக் கிடைக்கும் நீர்முறை உரிமையும் சேர்ந்ததே அக்கால்வாய். உரிமையை விட்டுவிட்டு நுட்பத்தை மட்டும் பெயர்த்தெடுத்து, மலையவரின் உழைப்பிற் கீழேயுள்ள நகரம் நீர் பெறுமாயின், மாகெஸ் கால்வாயின் வரலாறே வேறு பெயரில் மீளும்.

கபனகோந்தேயில் உடைக்கப்பட்ட கால்வாய்ச் சுவர், நீர் எங்கே இல்லை என்பதைக் காட்டவில்லை. யாருக்கு மறுக்கப்பட்டது என்பதைக் காட்டியது. உவைனகோத்தாஸின் வரிசைமுறை, இருக்கும் சிறிதளவு நீரும் எவரையும் சிறுமைப்படுத்தாமற் பகிரப்படலாம் என்பதைக் காட்டியது. பனி குறைந்துவரும் ஆண்டுகளில் இவ்விரு பாடங்களும் ஒருங்கே தேவைப்படும். நீரியல் ஆய்வுகளோடு நீருரிமையின் சமூக வரலாறும் எழுதப்படுதல் வேண்டும். அவ்வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் அரச ஆவணங்களோடு, ஊர்க் கதைகளையும் கால்வாய்ச் சடங்கு ஏடுகளையும் உழவரின் வாய்மொழி வழக்குகளையும் ஆராயத் தலைப்படுவராயின், இத்துறை ஆய்வு பெரிதும் வளம்பெறும் என நாம் நம்புகின்றோம்.